பகல் மூன்று பத்து

மஸ்கட்டில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து என் மருமகன் குணசேகரன் நினைவு தப்பிக் கிடந்த ஒன்பதாம் நாள், சம்பந்தி பூவம்மாள் போன் செய்து, என் மகள் குந்தவை பிறந்த நேரம் என்ன என்று கேட்டார். ஞாபகமில்லை என்று சொன்னேன்.

கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தொரு வருஷம் செயலாளராக இருந்தவன் நான். எந்தத் தீர்மானம் எந்தத் தேதியில் நிறைவேறியது என்பதைப் பதிவேட்டைத் திறக்காமலே சொல்வேன். திருப்பனந்தாள் வட்டாரத்தில் தியாகேசன் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்று ஒரு பெயர் இருந்தது. பெற்ற மகளின் பிறந்த நேரம் எனக்கு மறந்துவிட்டது என்றால் யாரும் நம்பியிருக்கக் கூடாது. பூவம்மாள் நம்பினார். எழுபது வயது ஆகிவிட்டதல்லவா என்று அவரே எனக்குச் சமாதானமும் சொன்னார்.

வியாழக்கிழமை குணசேகரனுக்குத் தலையில் இரண்டாவது ஆபரேஷன். அதற்கு முன்னால் வருகிற செவ்வாய்க்கிழமை வைத்தீஸ்வரன் கோயிலில் பரிகாரம் செய்துவிட வேண்டும் என்று ஆடுதுறை ஜோசியர் இளையபெருமாள் சொல்லியிருந்தார். புருஷன், பெண்டாட்டி இருவர் ஜாதகமும் வேண்டும். குணசேகரன் ஜாதகம் இருந்தது. குந்தவையுடையது போன கார்த்திகை வெள்ளத்தில் பீரோவின் கீழ்த்தட்டில் கூழாகிப்போயிருந்தது. தேதியை வைத்துப் புதிதாகக் கணித்துக்கொள்ளலாம், நேரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும் என்றாராம் ஜோசியர். எண்பது வயது மனிதர், காது மந்தம். அச்சடித்த தாளைப் பெரிதாக மதிக்க மாட்டார். பெற்றவர்கள் வாயால் நேரத்தைச் சொல்லக் கேட்டுத் தன் கையால் எழுதிக்கொள்வதுதான் அவர் வழக்கம்.

“நேரம் பிசகினா பரிகாரம் விலாசம் தப்பின கடுதாசி மாதிரி வேற எங்கயாவது போய் நிக்கும்னு சொல்றாருண்ணே” என்றார் பூவம்மாள்.

போனை மறு காதுக்கு மாற்றிப் பிடித்தேன்.

குந்தவைக்கு இரண்டு பிறந்த நேரங்கள். கும்பகோணத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று என் கைக்கடிகாரத்தில் நானே பார்த்தது பகல் மூன்று பத்து. அந்த நேரத்துக்கு அவள் ஜாதகத்தில் செவ்வாய் எட்டாம் இடத்தில் நிற்கிறது. புருஷன் ஆயுசுக்கு ஆகாது என்பார்கள். மற்றது நான் போட்ட நேரம். இரண்டு ஐம்பத்தைந்து. பதினைந்து நிமிஷம் முன்னால் போனால் லக்னம் மாறிவிடும், செவ்வாய் ஒன்பதாம் இடத்துக்குப் போய்விடும், குற்றமில்லை.

தொண்ணூற்றாறில் அதைச் செய்தேன். அதற்கு முன் மூன்று இடம் வந்து, ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போய், சொல்லியே அனுப்பவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் என் பங்காளி ஒருவன் பாயசம் பரிமாறுகிறவனிடம், தியாகேசன் வீட்டுப் பெண்ணைக் கட்டுகிறவன் முதலில் இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று சொல்லிச் சிரித்தான். நான் கேட்காதவன் போல எழுந்து கை கழுவினேன்.

அந்த வருஷம்தான் காதர் மைதீன் சவுதியிலிருந்து திரும்பி, மடத்துக்குப் போகிற சாலையில் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை போட்டான். எங்கள் பக்கத்தில் முதல் கம்ப்யூட்டர் அது. விண்டோஸ் 95 என்று பெயர் சொல்லி, மேகம் மிதக்கிற படத்தோடு அது விழிப்பதைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். ஜோசியர் கணிப்பதில் தப்பு வரலாம், மிஷின் கணிப்பதில் வராது என்று எல்லாரும் நம்பிய காலம். குணசேகரன் வீட்டார் ஜாதகம் கேட்டு அனுப்பியதும் நான் அங்கே போனேன். முதலில் மூன்று பத்து என்றுதான் சொன்னேன். எட்டில் செவ்வாய் வந்தது. என் கடிகாரம் பதினைந்து நிமிஷம் வேகமாக ஓடும் என்று காதரிடம் சொன்னேன்.  மறுபடி அடித்தான். ஒன்பதில் வந்தது.

“எதை அச்சடிக்கட்டும் மாமா?”

“ரெண்டாவதை.”

பிரின்டர் கிறீச்சிட்டுக்கொண்டே பதினாறு பக்கம் அடித்தது. பிள்ளையார் படம் போட்ட பிளாஸ்டிக் அட்டைக்குள் அதை வைத்துக் கொடுத்தான். கம்ப்யூட்டர் அச்சு இருந்ததால் யாரும் என் வாயைக் கேட்கவில்லை. ஆகவே நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை என்று பதின்மூன்று வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவி அகிலாண்டம் மட்டும் அந்த அட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மூன்று பத்து அல்லவா என்று ஒரு தடவை கேட்டாள். சும்மா இரு என்றேன். சாகிறவரை சும்மா இருந்தாள்.

குணசேகரன் மஸ்கட் போன நாளிலிருந்து, நேரங்கெட்ட நேரத்தில் போன் அடித்தால் எனக்கு அந்த எட்டாம் இடத்துச் செவ்வாய்தான் ஞாபகம் வரும். இதோ, அடித்துவிட்டது. இப்போது பொய் நேரத்தைச் சொன்னால் பரிகாரம் பலிக்காது. என் வாயாலேயே மருமகனைச் சாகவிட்டவன் ஆவேன். உண்மை நேரத்தைச் சொன்னால் புருஷனைச் சாரத்திலிருந்து தள்ளியது குந்தவையின் செவ்வாய்தான் என்பார்கள். இரண்டு பிள்ளைகளோடு அவள் அந்த வீட்டில் எப்படி நிற்பாள்? பொய் ஜாதகம் கொடுத்த வீடு என்று எங்கள் வீட்டுக்குப் பெயர் வரும். இரண்டையும் சொல்ல முடியாமல்தான் ஞாபகமில்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பேச்சு நம்பும்படி இருக்க வேண்டுமே என்று, காதர் கடைக் கம்ப்யூட்டரில் பதிந்திருந்தது, அந்த மிஷின்தான் எப்போதோ தொலைந்துவிட்டதே என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அது தொலைந்திருக்கவில்லை. சனிக்கிழமை காலை பூவம்மாள் நேராகக் காதர் கடைக்குப் போய்விட்டு அங்கிருந்து கூப்பிட்டார். மிஷினை யூரியா சாக்கில் கட்டிப் பரணில் வைத்திருக்கிறானாம். உடனே வரச் சொன்னார்.

நான் போனபோது சாக்கு அவிழ்ந்து, மிஷின் மேஜைமேல் உட்கார்ந்திருந்தது. உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. காதர் அதைத் தூரிகையால் தட்டித் தள்ளிக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தான். இப்போது அவன் தொழில் ஜெராக்ஸும் பாஸ்போர்ட் விண்ணப்பமும்தான். ஜாதகம் பார்ப்பதை விட்டு ஏழெட்டு வருஷம் ஆயிற்று. என்னைப் பார்த்ததும் எழுந்து, உட்காருங்க மாமா என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவன் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. அவனுக்கு நினைவிருக்கிறதா இல்லையா என்பது தெரியாமல் பதின்மூன்று வருஷமாக அந்தச் சாலையில் எதிர்ப்பக்கமாகவே நடந்துகொண்டிருந்தவன் நான்.

சுவிட்சைப் போட்டான். பட்டென்று ஒரு சத்தம். கருகிய வாடை. அவ்வளவுதான்.

என் நெஞ்சு லேசாயிற்று. பக்கத்தில் பூவம்மாள் கையைக் கூப்பியபடி நின்றிருந்தார்.

காதர் விடுகிறவனாக இல்லை. பெட்டிதான் செத்துப்போயிருக்கிறது, ஜாதகங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் என்று அதைக் கழற்றி, கடையில் இருந்த புது மிஷினில் மாட்டினான். நீல வானமும் மேகமும் வந்தன. பூவம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மேகம் அப்படியே நின்று, திரை கறுத்து, வெள்ளை எழுத்தில் ஏதோ ஒரு வரி வந்தது. மூன்று தடவை அணைத்துப் போட்டான். மூன்று தடவையும் அதே வரி.

“மாட்டு வண்டி ஓட்டினவரைக் கூட்டியாந்து புது பஸ்ல உக்கார வச்ச மாதிரி இருக்கு மாமா. வேகத்தைப் பாத்து மிரண்டு போயி கயித்தை இழுத்துடுது” என்றான்.

பிறகு அந்தப் பழைய விண்டோஸின் சிடியைத் தேடி எடுத்து, புது மிஷினிலேயே புதிதாக ஏற்றிப் பார்த்தான். கோப்புகள் ஒவ்வொன்றாக ஏறின. ஏறி முடிந்து விழிக்கப்போகிற சமயத்தில், மெமரி போதாது என்று சொல்லிவிட்டு நின்றது. உண்மையில் மெமரி அதற்குப் பழக்கமில்லாத அளவுக்கு அதிகமாக இருந்ததுதான் தொல்லை என்றான் காதர். அதிகம் இருப்பதையே போதாது என்று சொல்கிற அந்த மிஷினைப் பார்த்து அவன் சிரித்தான். ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்த என்னால் சிரிக்க முடியவில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஜாதக புரோகிராமுக்கு ஒரு பூட்டு உண்டு. கட்டைவிரல் அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு. பிரின்டர் சொருகுகிற இடத்தில் அதைச் சொருகினால்தான் புரோகிராம் திறக்கும். புது மிஷினில் அந்த இடமே இல்லை.

அப்படியென்றால் முடிந்தது என்றேன். குரலில் வருத்தம் வரும்படி பார்த்துக்கொண்டேன்.

காதர் ஒரு பிளாப்பியைப் போட்டு, கறுப்புத் திரையில் ஏதோ அடித்தான். ஜாதகங்களாவது பத்திரமாக இருக்கின்றனவா பார்ப்போம் என்றான். பெயர்கள் ஆங்கிலத்தில் வரிவரியாக ஓடின. பக்கம் நின்றது. நடுவில் குந்தவை என்று ஒரு வரி. அதன் கீழேயே, கடைசி எழுத்துக்குப் பதிலாக 2 என்ற எண்ணோடு இன்னொரு குந்தவை. இரண்டும் கம்ப்யூட்டரில் பதிந்த தேதி ஒன்றே. பதிந்த நேரத்தில் ஆறு நிமிஷம் வித்தியாசம்.

இரண்டாவது வந்ததும் முதலாவது அழிந்துவிட்டது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

பூவம்மாளுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. “இருக்கா தம்பி?” என்றார்.

“இருக்குங்கம்மா” என்றான் காதர். என் பக்கம் திரும்பவில்லை. பெயர் இருக்கிறது, உள்ளே இருப்பதை அந்த புரோகிராம் திறந்தால்தான் படிக்க முடியும் என்றான். கும்பகோணத்தில் ரெத்தினம் என்பவர் கடையில் பழைய மிஷின்கள் கிடக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை போய் ஒன்று வாங்கி வருகிறேன், திங்கட்கிழமை காலை வந்தால் எப்படியும் திறந்துவிடலாம் என்றான். பூவம்மாள் அவன் பிள்ளைகுட்டிகளை வாழ்த்தினார்.

ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியும், எழுதத்தான் கூசுகிறது. ரெத்தினம் கடையில் மிஷின் கிடைக்கக் கூடாது என்று சாமி முன்னால் நின்று வேண்டினேன். வேண்டி முடித்த பிறகு, அந்த வேண்டுதல் மஸ்கட்டில் கிடப்பவனுக்கு எதிரானது அல்லவா என்று தோன்றியது. வேண்டியதைத் திருப்பி எடுத்துக்கொள்ள என்ன சொல்ல வேண்டும் என்று தெரியாமல் நின்றேன்.

சாயங்காலம் குந்தவை போன் செய்தாள். காதர் அண்ணன் கடையில் கிடைத்துவிடுமா என்று கேட்டாள். கிடைத்துவிடும் என்றேன். 

“சின்ன மாமியார் நேத்து கூடத்துல உக்காந்து, பொண்ணு ஜாதகத்தையும் ஒரு தடவ நல்லாப் பாருங்கடின்னு சொன்னாங்கப்பா. நான் அடுப்புல ரசம் வச்சுக்கிட்டு இருந்தேன். கேக்கட்டும்னுதான் சொன்னாங்க.”

அதெல்லாம் காதில் வாங்காதே, நம் வீட்டு ஜாதகத்தில் ஒரு குறையும் கிடையாது என்று சொன்னேன். அது எனக்குத் தெரியும்ப்பா என்றாள்.

திங்கட்கிழமை காதர் கடையில் அந்த மிஷின் இருந்தது. காதர் வாங்கிய முதல் மிஷினுக்குத் தம்பி போலத் தெரிந்தது, பழுப்பேறிய வெள்ளை நிறம். பிரின்டர் சொருகுகிற இடம் இருந்தது, பூட்டை மாட்டியிருந்தான். இரண்டு ஹார்ட் டிஸ்க் வைத்திருந்தான். ஒன்று ரெத்தினம் கொடுத்தது. அதில் விண்டோஸ் 95ஐப் புதிதாக ஏற்றப்போகிறான். மற்றது ஜாதகங்கள் இருக்கிற பழைய டிஸ்க். அதிலிருந்த விண்டோஸ் சிதைந்துவிட்டது, கோப்புகளை மட்டும் எடுக்கப்போகிறான். புதிதாக ஏற்றுகிற டிஸ்க்குக்கு சி என்று பெயர், பழையதற்கு டி என்று பெயர் என்று பூவம்மாளுக்குப் புரியும்படி விளக்கினான். வயலை உழுது சமன்படுத்துவது போல முதலில் சியைத் துடைக்க வேண்டும் என்றான்.

நான் அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபத்து நான்கில் கும்பகோணத்தில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவன் நான். ஃபார்மட் என்று அடித்தான். ஓர் இடைவெளி. சி. முக்காற்புள்ளி. மிஷின் எச்சரித்தது. இந்த டிஸ்க்கில் உள்ளது அத்தனையும் போய்விடும், செய்யட்டுமா என்று கேட்டது. ஒய் எழுத்தைத் தட்டினான். நூற்றுக்கு எத்தனை என்று எண்கள் ஏறி, நூறு வந்ததும் நின்றது.

பள்ளிவாசலில் லுஹருக்கு பாங்கு சொன்னார்கள். தொழுதுவிட்டு வந்து சிடியைப் போடுகிறேன், யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் மாமா என்று தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். அந்த நேரம் பார்த்து மஸ்கட்டிலிருந்து குணசேகரனின் கூட்டாளி பூவம்மாளைக் கூப்பிட்டார். கடைக்குள் சிக்னல் கிடைக்காமல் அவர் வெளியே போய், புங்கமரத்தடியில் முதுகைக் காட்டியபடி நின்று பேசினார்.

கறுப்புத் திரையில் ஒரு சிறு கோடு துடித்துக்கொண்டிருந்தது.

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். அந்த வரியை அடித்தேன். ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை. சி இருந்த இடத்தில் டி போட்டேன். மிஷின் அதே கேள்வியைக் கேட்டது. வெளியே பூவம்மாள், மூச்சு இருக்குல்ல, மூச்சு இருக்குல்ல என்று கேட்டுக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது. ஒய் எழுத்தைத் தட்டினேன்.

எண்கள் ஏறத் தொடங்கின. நாலு. ஏழு. பதினொன்று. காதர் செய்தபோது இவ்வளவு நேரம் ஆகவில்லை. பழைய டிஸ்க் உள்ளே கரகரவென்று ஒலித்தது, எலி எதையோ கொறிப்பது போல. இருபதில் என் மனம் மாறியது. நிறுத்த வேண்டும் என்று கை நீண்டது. எதைத் தட்டினால் நிற்கும் என்று தெரியவில்லை. முப்பத்தெட்டில் பூவம்மாள் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவரும் தலையை ஆட்டிவிட்டு மறுபடி திரும்பிக்கொண்டார். தெருவில் தொழுகை முடிந்தவர்கள் போலப் பேச்சுக்குரல் கேட்டது. எண்பது. தொண்ணூற்றாறு. நூறு. அதன் பின்னும் திரை ஏதோ பெயர் கேட்டது. நான் அடித்த வரி அப்படியே திரையில் நின்றது. டி என்ற எழுத்து எல்லாருக்கும் தெரியும்படி நின்றது. அழிக்க வழி தெரியாமல் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன். அணைத்து, மறுபடி போட்டேன்.

காதர் வந்தான். கரண்ட் போய் வந்தது என்றேன். அப்படியா மாமா என்றான்.

மிஷின் விழித்ததும் ஏதோ அடித்துப் பார்த்தான். மறுபடி அடித்தான்.  வெகுநேரம் திரும்பாமலே உட்கார்ந்திருந்தான். பூவம்மாள் உள்ளே வந்து, கிடைத்ததா என்றார்.

“இல்லீங்கம்மா. என் தப்புதான். எழுத்தை மாத்தி அடிச்சுட்டேன் போல. எல்லாம் அழிஞ்சுபோச்சு.”

பூவம்மாள் முதலில் புரியாதவர் போல நின்றார். பிறகு அவர் பேசிய பேச்சை நான் முழுதும் எழுதப்போவதில்லை. இத்தனை நாளாக வைத்திருந்த பயம் அத்தனையும் காதர் தலையில் இறங்கியது. சவுதிக்குப் போய் இதைத்தான் கற்றுக்கொண்டு வந்தாயா என்றார். அடுத்தவன் உயிர் என்றால் உனக்கு ஜெராக்ஸ் தாளா என்றார். காதர் கையைக் கட்டிக்கொண்டு, தப்புதாங்கம்மா, தப்புதாங்கம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஐம்பது வயது மனிதன், இரண்டு தடவை ஹஜ் போய் வந்தவன்.

நான் தப்பித்துவிட்டேன். உலகத்தில் அந்த நேரம் இனி என் ஒருவன் தலைக்குள்தான் இருந்தது.

திட்டி ஓய்ந்து பூவம்மாள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். காதர் என்ன நினைத்தானோ, சிடியைப் போட்டான். கோப்புகள் ஏறின. மேகம் வந்தது, இந்தத் தடவை நிற்கவில்லை. ஜாதக புரோகிராமை ஐந்து பிளாப்பியிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றினான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.  கடைசியில் பிள்ளையார் படத்தோடு அது திறந்தது. பட்டியல் காலியாக இருந்தது. பெயர், ஊர், தேதி மூன்றையும் அவனே அடித்துவிட்டு நிறுத்தினான். நாலாவது கட்டத்தில் கோடு துடித்தது.

“தோராயமாவாவது நேரம் ஞாபகம் வருதா மாமா?” என்றான். திரையைப் பார்த்தபடியே கேட்டான்.

பூவம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. முந்தானையின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். “அண்ணனுக்கு ஞாபகமில்லை தம்பி. இருந்தா சொல்லமாட்டாரா? அவங்க வீட்டுல அப்படிப்பட்டவங்க இல்லை” என்றார்.

அந்தச் சொல்லைத்தான் நான் வாழ்நாள் முழுதும் பிறர் வாயால் கேட்க ஆசைப்பட்டிருந்தேன்.

“பகல் மூணு பத்து” என்றேன்.

காதரின் கை அசையவில்லை.

“மூணு பத்துதான் சம்பந்தியம்மா. உங்களுக்குக் கொடுத்ததுல ரெண்டு அம்பத்தஞ்சுன்னு இருந்துச்சு. அது நான் மாத்தினது. குந்தவைக்கு எட்டுல செவ்வாய். இவன் எதையும் அழிக்கலை. அழிச்சது நான்தான்.”

ஜெராக்ஸ் மிஷினின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பூவம்மாள் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். காதரைத் திட்டித் தீர்த்துவிட்டதால் எனக்கென்று எதுவும் மிச்சமில்லையோ என்னவோ. தரையில் கை ஊன்றி எழுந்தார்.

“அடிங்க தம்பி” என்று காதரிடம் சொன்னார்.

பிரின்டர் பழைய மாதிரியே கிறீச்சிட்டது. பதினாறு பக்கத்தையும் வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமல், என் செருப்பைப் பார்த்துப் பேசினார்.

“நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு நீங்க கோயிலுக்கு வரணும். ஜோசியர்கிட்ட நேரத்தை நீங்கதான் சொல்லணும். எங்க பங்காளிங்க நாலு வீடும் வருவாங்க. குந்தவையோட சின்ன மாமியாரும் வருவா. குந்தவைகிட்ட நான் எதுவும் சொல்ல மாட்டேன். அதுவும் உங்க வேலை.”

வருகிறேன் என்றேன்.

அவர் போன பிறகு காதர் பூட்டைக் கழற்றித் துணியில் சுற்றினான். டிஸ்க்கில் எத்தனை பேர் ஜாதகம் இருந்தது என்று கேட்டேன். ஆயிரத்துக்கு மேல் என்றான். பிறகு, கேட்காமலே சொன்னான்.

“பள்ளியில தொழுகை முடியற வரைக்கும் ஃபேன் நிக்கலை மாமா. அங்கயும் இங்கயும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர்தான்.”

அன்று இரவு குந்தவையைக் கூப்பிட நான்கு தடவை எண்ணை அழுத்தி, நான்கு தடவையும் மணி அடிப்பதற்கு முன் வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை வைத்தீஸ்வரன் கோயிலில் கூட்டம். அங்காரகன் சந்நிதிக்குப் பக்கத்து மண்டபத்தில் அவர்கள் எல்லாரும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். பங்காளிகள் நான்கு பேர், அவர்கள் வீட்டுப் பெண்கள், சின்ன மாமியார். பூவம்மாள் ஒரு தூணோரமாக இருந்தார். குந்தவை இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. அப்பா வந்தாகிவிட்டது, இனி எல்லாம் நடந்துவிடும் என்பது போல. எழுந்து எனக்கு இடம் விட்டாள். நான் உட்காரவில்லை.

இளையபெருமாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பூவம்மாள் கொடுத்த பதினாறு பக்கத்தையும் பிரிக்காமல் ஓரமாக வைத்தார். மஞ்சள் தடவிய தாளில் பேனாவை ஊன்றி, பெண்ணைப் பெற்றவர் யார் என்று கேட்டார். நான் என்றேன். பிறந்த நேரம் என்றார்.

  எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். சின்ன மாமியார் தலையைச் சற்று முன்னால் நீட்டியிருந்தார்.

“பகல் மூணு பத்து” என்றேன். “முன்னால ஜாதகத்துல இருந்த நேரம் தப்பு. நான் மாத்திக் கொடுத்தேன்.”

 பங்காளிகளில் ஒருவர் மற்றவரைப் பார்த்தார். குந்தவையின் முகத்தை நான் பார்க்கவில்லை. அவள் கையைத்தான் பார்த்தேன். சின்னப் பிள்ளையின் தலைமேல் இருந்த கை அப்படியே நின்றுவிட்டிருந்தது.

இளையபெருமாள் எழுதாமல் பேனாவைப் பிடித்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

குந்தவை எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். 

“கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கப்பா. அவருக்குக் காது கேக்கலை.”

நான் சத்தமாகச் சொன்னேன்.